பர்மிட்டில் வைத்த பொட்டு

நான் பயந்தாங்கொள்ளி. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எங்கள் பழைய லாரியில் ஏறிக் கோட்டக்குப்பத்தைத் தாண்டியிருந்தால் யாராயிருந்தாலும் பயந்திருப்பார்கள்.

எழுபதுகளின் கடைசியில், மில் வேலை போனதும் என் கணவர் வாங்கிய லாரி அது. மூலக்குளத்திலிருந்து பிள்ளைச்சாவடிக்குச் செங்கல் ஏற்றிப் போவார். புறப்படும் இடமும் பாண்டிச்சேரி, போய்ச் சேரும் இடமும் பாண்டிச்சேரி. நடுவில் கோட்டக்குப்பம் மட்டும் தமிழ்நாடு. அந்தக் கொஞ்ச தூரத்துக்குத் தனி பர்மிட் வேண்டுமாம். இல்லாமல் மாட்டினால் லாரியைப் பிடித்துப் போட்டுவிடுவார்கள். வீட்டில் அடுப்பு எரியாது.

ஆறு மாதம் ஆபீஸுக்கு நடையாய் நடந்து அந்தத் தாளை வாங்கி வந்தார். சாமி படத்தின் முன் வைத்து நான்கு மூலையிலும் பொட்டிட்டேன். மனசு ஆறாமல் நடுவிலும் பெரிதாக ஒன்று வைத்தேன். புதுசாக எது வந்தாலும் எனக்கு அப்படித்தான்.

“நீயும் வா. ஒரு தடவையாவது பயமில்லாம போய்ட்டு வரலாம்” என்றார் மறுநாள் காலையில்.

முத்தியால்பேட்டை தாண்டியதும் மடியிலிருந்த பையைத் திறந்து ஆசையாகத் தாளைப் பார்த்தேன். நடுப்பொட்டு சரியாக முடிவுத் தேதியின் மேல் உட்கார்ந்திருந்தது. விரலால் தேய்த்தேன். குங்குமமும் மையும் கலந்து இன்னும் மோசமானது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் விசிலடித்துக்கொண்டு ஓட்டினார். விசிலைக் கேட்டு ஆறு மாதமாகியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

கோட்டக்குப்பத்தில், வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டரின் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் கை காட்டி எங்கள் லாரியை நிறுத்தினார். தாளை நீட்டினேன்.

“தேதி எங்கய்யா? அழிச்சிட்டியா?”

சிவந்த விரலை முந்தானைக்குள் மறைத்தேன். என் கணவர் தாளைப் பார்த்தார், பிறகு என் முந்தானையைப் பார்த்தார்.

“பூஜைல வெச்சேன் சார். நான்தான் பொட்டு வெச்சிட்டேன்” என்றார், சாமி படத்தின் பக்கமே திரும்பாத மனிதர்.

இன்ஸ்பெக்டர் தாளைத் திருப்பி வெயிலில் பிடித்தார்.

“பின்னால லேசா தெரியுது. போ. வேற தாள் வாங்காம இந்தப் பக்கம் வந்த, வண்டி இங்கயே நிக்கும்.”

மறுபடி ஆறு மாத நடை. லாரி நகர்ந்ததும் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மடியில் போட்டார்.

“கைய தொடச்சிக்க.”

பிள்ளைச்சாவடி வரை அவர் விசிலடிக்கவில்லை.