மெஷினுக்கு ஊற்றிய நல்ல தண்ணி

தூத்துக்குடியில் யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் இரண்டு வகை. குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணி, மற்ற எல்லாவற்றுக்கும் ஆழ்துளைக் குழாயில் வரும் உப்பான போர் தண்ணி. எங்கள் தெருவில் நல்ல தண்ணி சில நாட்களுக்கு ஒரு தடவைதான் வரும். கீழே வாசல் குழாயில் ஹோஸ் மாட்டி, மாடிப்படி ஓரமிருக்கும் டிரம்மை நிரப்பி, வெள்ளைத் துணி கட்டி மூடி வைப்போம். ஒருமுறை வெளியூர் நண்பர் ஒருவர் அதில் மொண்டு கால் கழுவிவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவரை வீட்டுக்குக் கூப்பிடவும் இல்லை. நான் அப்படிப்பட்ட ஆள்.

போர் தண்ணியில் சோப்பு நுரைக்காது. ஷவரில் பாதி ஓட்டை அடைத்துக் கிடக்கும். கழுவிக் கவிழ்த்த டம்ளர் காய்ந்தால் வெள்ளை பூத்திருக்கும். கீசர் இரண்டு வருடம் உழைத்தால் பெரிய விஷயம். ஊரில் இதற்கெல்லாம் யாரும் அலட்டிக்கொள்வதில்லை.

என் மனைவிக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்த பிறகுதான் வாஷிங் மெஷின் வாங்கினோம். வயிற்றுக்குள் வலை வைத்துத் தைத்திருந்தார்கள். குடம், வாளி எதையும் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எங்கள் வீடு மாடியில். தினமும் காலையில் இரண்டு குடம் நல்ல தண்ணி நான் மேலே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். மெஷின் உள்ளேயே தண்ணீரைச் சூடாக்கித் துவைக்கும் வகை. துறைமுகத்தில் நான் வேலை பார்க்கும் கிளியரிங் ஆபீஸில் அதைப் பற்றி நான் சொல்லாத ஆள் கிடையாது. பெண்டாட்டியை நன்றாகப் பார்த்துக்கொள்கிறவன் என்று நாலு பேர் சொன்னார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

வருடம் ஒன்று முடியவில்லை, ஒருநாள் மெஷினைப் போட்டதும் வீட்டில் கரண்ட் போய்விட்டது. மெக்கானிக் வந்து ஹீட்டரைக் கழற்றி என் கையில் வைத்தார். விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு கட்டி, கம்பி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. "அண்ணாச்சி, போர் தண்ணிக்கு எந்த மெசினும் தாங்காது. குழாயில ஒரு ஃபில்டர் மாட்டுங்க. இல்லன்னா நல்ல தண்ணியில ஓட்டுங்க," என்றார். நல்ல தண்ணியில் துணி துவைக்கச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

புது ஹீட்டர் மாட்டிவிட்டு அவர் போனதும் சிரிப்பு போய்க் கோபம் வந்தது. பவுடரை அள்ளி அள்ளிப் போட்டாய், சொன்னால் கேட்பதில்லை என்று, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் அவளைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில், "ஏளா, இனிமே இந்த மெசினுக்குள்ள ஒரு சொட்டு போர் தண்ணி விழக் கூடாது, சொல்லிட்டேன்," என்றேன். ஃபில்டர் மாட்டிவிடலாம் என்று என் மனதில் இருந்தது. அதை அவளிடம் சொன்னேனா என்றால், சொல்லவில்லை. அந்த வாரமே ஆபீஸில் வேலை கழுத்தை நெரித்தது. ஃபில்டரை மறந்தே போனேன்.

டிரம் சீக்கிரம் காலியாகிறதே என்று ஒருநாள் அவளிடம் கேட்டேன். குழாயில் வேகம் இல்லை என்றாள். நம்பிவிட்டேன்.

இரண்டு மாதம் இருக்கும். லைசென்ஸை மறந்து வைத்துவிட்டதால் ஒருநாள் நடுமத்தியானம் வீட்டுக்கு வந்தேன். படி திரும்பும் இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் நிறைகுடம். இன்னொரு கை அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. மேலே வராந்தாவில் மெஷினின் பவுடர் தட்டு திறந்திருந்தது. போர் குழாயை அடைத்துவிட்டு, அந்தத் தட்டு வழியாகச் செம்பு செம்பாக ஊற்றியிருக்கிறாள். துவைக்க ஒரு தடவை, அலச இரண்டு தடவை. ஒவ்வொன்றுக்கும் கீழே இறங்கி ஏறியிருக்கிறாள்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். மெக்கானிக் வந்துபோனதிலிருந்து என்றாள்.

"எனக்காகத்தான வாங்குனீங்க. என்னாலயே கெட்டுப்போச்சுன்னு ஆயிரக் கூடாதுல்லா," என்றாள்.

குடத்தை வாங்கிக்கொண்டேன். பயமாக இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தபோது தழும்புக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது. மூன்று வாரமாக இருக்கிறதாம். படுத்தால் உள்ளே போய்விடுகிறது, அதனால் சொல்லவில்லை என்றாள்.

மறுநாள் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போனோம். வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் முகம் மாறியது. வலை விலகியிருக்கிறது, மறுபடியும் திறக்க வேண்டியிருக்கும், இரண்டாம் முறை முதல் முறை மாதிரி லேசாக இருக்காது என்றார். எதையாவது தூக்கினீர்களா என்று அவளிடம் கேட்டார்.

"ஆமா டாக்டர். நானாத்தான் தண்ணிக்குடம் தூக்குனேன். இவுகளுக்குத் தெரியாது," என்றாள்.

அவள் சொன்னதில் பொய் என்று எதைச் சொல்ல. எனக்குத் தெரியாதுதான். நான் சொன்னதால்தான் டாக்டர் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தைதான். சொல்லவில்லை. டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே அவளைத் திட்டினார். படித்துப் படித்துச் சொல்லியும் இப்படிச் செய்தால் நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார். அவள் தலையைக் குனிந்து, சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது ரெண்டு வார்த்தை கண்டிச்சிருக்கக் கூடாதா?" என்றார்.

"இனிமே கண்டிக்கேன் டாக்டர்," என்றேன்.