பாயில் வைத்த பொட்டு

கப்பலில் வேலை செய்த என் அண்ணன் ஜப்பானிலிருந்து ஒரு படம் கொண்டுவந்தான். மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுப்பார்களாம். அசையாத தண்ணீரில் ஒரு பாய்மரப் படகு. வேறொன்றும் இல்லை. அவன் மறுபடி கப்பலேறியதும் அம்மா அதைச் சாமி படங்களுக்கு நடுவே மாட்டினாள். வெள்ளிக்கிழமை எல்லாப் படங்களுக்கும் பொட்டு வைக்கும்போது அதன் பாய்க்கும் ஒன்று வைத்தாள். மற்ற படங்களுக்குக் கண்ணாடி உண்டு, துடைத்துவிடலாம். இது வெறும் தாள். ஈர மஞ்சளும் குங்குமமும் ஊறி, தண்ணீர் வரைக்கும் சிவப்பாக வழிந்திருந்தது.

திருத்தணி அப்போது எங்கள் சித்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. அதைப் பிரித்து மெட்ராஸோடு சேர்க்கப் போகிறார்கள் என்று எங்கள் ஊர் நகரியில் எங்கும் பேச்சு. பிரிந்துவிட்டால் அந்தப் பக்கம் சம்பந்தம் அமையாது என்று நைனா பயந்தார். ஏற்கெனவே வந்த இடங்கள் தட்டிப் போயிருந்தன. திருத்தணிக்காரர்கள் என்னைப் பார்க்க வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை.

காலையிலேயே கெஞ்சினேன். "இன்னிக்கு மட்டும் அதக் கழட்டி வைம்மா. பாத்தா சிரிப்பாங்க."

"வெள்ளிக்கிழமை அதுவுமா கழட்டச் சொல்றியே. அவன் தண்ணி மேல இருக்கறான்டி."

காபித் தட்டோடு நான் வந்தபோது மாப்பிள்ளையின் மாமா அந்தப் படத்தின் முன்னால் நின்றிருந்தார்.

"இது இன்னா சாமிங்க?" என்று நைனாவைக் கேட்டார்.

"சாமி இல்லீங்க. ஜப்பான் படம்."

"நாங்க மெட்ராஸோட சேரணும்னு கத்திக்கினு கெடக்கறோம். நீங்க ஒரேடியா ஜப்பானோட சேந்துட்டீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். நைனாவும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார். அம்மா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

சமையலறை வாசலிலிருந்து அம்மா பேசினாள். "எம் புள்ள கப்பல்ல போறான்ங்க. கடலு இந்தப் படத்துல இருக்கற மாதிரி ஆடாம இருக்கட்டும்னு வைக்கறேன். வேற ஒண்ணும் தெரியாது எனக்கு."

சிரிப்பு நின்றது. மாமா போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டார். அம்மா என்னைப் பார்த்தாள், தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று கேட்பதுபோல. நான் குனிந்தவள்தான். அவர்கள் கிளம்பும்வரை நிமிரவில்லை.

அன்று மாலையே சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். கடைசிவரை தலை நிமிராத அடக்கமான பெண் என்று மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என்னைப் பிடித்துப்போயிற்றாம். நைனா தெருவெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு போனார். அம்மாவும் சொன்னாள்.