தொட்டி மாறிய புழுக்கள்

ஆய்வுக்கூடத்தில் அவரைத் 'தொட்டிக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினான்கு வருடம் பவளத் தொட்டிகளுக்குக் கடல்நீர் மாற்றினார். பவளத்தின் மேல் பாதி எள்ளளவில் அப்பிக்கிடக்கும் பழுப்புப் புழுக்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். பெற்ற பிள்ளையைக்கூட மனிதர் அப்படிப் பார்த்ததில்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் தொட்டியின் பம்பு நின்றுபோனது. ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியர் போனை எடுக்கவில்லை. நீர் சூடேறிப் பவளம் வெளுக்கத் தொடங்கியதும் இவர் பதறிப்போய், புழுக்களைச் சொட்டுக்குழாயால் ஒவ்வொன்றாக உறிஞ்சி அடுத்த தொட்டியில் இருந்த வேறு பவளத்தில் விட்டார். அங்கேயும் அதே பழுப்புப் புழுதானே என்று நினைத்தார். பேராசிரியரும் அன்றுவரை அப்படித்தான் நினைத்திருந்தார். அதை யார் கேட்பது? மாற்றி விட்ட புழுக்கள் மூன்றே நாளில் ஒன்று விடாமல் செத்தன. 'கவனக்குறைவு' என்று எழுதி வேலையை விட்டு அனுப்பினார்கள். அந்தத் தாளைப் பார்த்த வேறெந்த ஆய்வுக்கூடமும் அவரை வாசற்படி ஏற்றவில்லை. கடைசியில் கார் கழுவும் இடத்தில் சேர்ந்தார்.

எட்டு மாதம் கழித்து, பழைய ஆய்வுக்கூடத்தில் மரபணு பார்க்கும் பெண் போன் செய்தாள். "அண்ணா, உங்க மேல தப்பே இல்லண்ணா. ரெண்டு தொட்டிப் புழுவும் பார்க்கத்தான் ஒரே மாதிரி. மரபணுவைப் பார்த்தா வேற வேற இனம். ஒண்ணோட பவளத்துல இன்னொண்ணு பிழைக்காது. சார் பேர்ல கட்டுரையே வந்தாச்சு, அனுப்புறேன் பாருங்க."

"இப்பவாவது வாயைத் திறந்து கேளுங்க," என்றாள் மனைவி. "வேலைகூட வேண்டாம். உங்க தப்பு இல்லன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. வேற எங்கயாவது சேர்த்துக்குவாங்க."

போனார். பேராசிரியர் உட்காரச் சொல்லவில்லை.

"சார், சோதனைக்காகப் பவளம் மாத்தி விட்டோம்னு கட்டுரையில போட்டிருக்கீங்க. மாத்தினது நான்தானே?"

"அதுக்கு இப்ப என்னப்பா?"

"அப்ப என் மேல தப்பில்லன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க சார்."

"எப்படி எழுதுறது? பம்பு நின்னது, நீ பதறி மாத்தினது எல்லாம் வெளிய வரும். சோதனையே பொய்னு ஆயிடும். அது அப்படியே இருக்கட்டும், யாருக்கும் நஷ்டமில்ல." கதவருகே போனவரைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார்: "போறப்ப தொட்டியை ஒரு பார்வை பார்த்துட்டுப் போ. புதுசா வந்த ஆள் கையில புழு ஒண்ணும் பிழைக்க மாட்டேங்குது."

பற்றிக்கொண்டு வந்தது அவருக்கு. ஆனாலும் பார்த்தார். நீர் வற்றி உப்பு ஏறியிருந்தது. புழுக்கள் சுருண்டு கிடந்தன. இரண்டு குவளை நல்ல தண்ணீர் ஊற்றினால் மாலைக்குள் தேறிவிடும். குவளை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு சார்," என்று சொல்லிவிட்டுக் கார் கழுவப் போனார்.