பெட்டி மேல் எழுதிய டி.எஸ்.

1. காருக்கு ஏது கிளீனர்?

கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரம் உள்ள ஒரு உதிரி பாகக் கடையில் பத்தொன்பது வருடமாகக் கவுன்ட்டரில் நிற்கிறேன். பத்தாவது வரை படித்திருக்கிறேன். கார் ஓட்டத் தெரியாது. எந்தப் பாகம் எந்த ரேக்கில் இருக்கிறது என்று மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவலாம் என்று ஒரு சம்பவத்தை எழுதுகிறேன்.

முதல் நாள் ஒருவர் வந்து லெஃப்ட் ஹெட்லைட் கேட்டார். கேட்கும்போதே கையையும் நீட்டிக் காட்டினார். எதிரே நின்ற எனக்கு அந்தக் கை வலது பக்கம் இருந்தது. ரைட் ஹெட்லைட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து கத்தினார்.

"இன்னா மல்லிகா, பத்தாவது பாஸுன்னே. லெஃப்ட்டு ரைட்டு தெரியாதா?" என்றார் முதலாளி.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவருக்கு லெஃப்டா, எனக்கு லெஃப்டா, காரின் முன்னால் நின்று பார்த்தால் லெஃப்டா, உள்ளே உட்கார்ந்தால் லெஃப்டா?

"இந்தக் கடைல லெஃப்ட்டு ரைட்டு பேச்சே கெடையாது. டிரைவர் சைடு, கிளீனர் சைடு. அவ்ளோதான்" என்றார் முதலாளி.

காருக்கு ஏது கிளீனர் என்று கேட்க நினைத்தேன். கூச்சமாக இருந்தது, கேட்கவில்லை. சில மாதம் கழித்து, எதிரே நின்ற லாரியின் இடது பக்கக் கதவைத் திறந்து கிளீனர் குதித்தபோதுதான் புரிந்தது. லாரிக்காரர்கள் பேச்சு காருக்கும் வந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக வருகிற பாகம் என்றால் பெட்டி மேல் மார்க்கரால் பெரிதாக டி.எஸ்., சி.எஸ். என்று ஆங்கில எழுத்தில் எழுதிவிடுவேன். டிரைவர் சைடு, கிளீனர் சைடு. அதன் பிறகு ஒரு பாகம்கூட மாறிப் போனதில்லை.

சாலமன் வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. ரெண்டு வாட்டி அமுக்கினா பிடிக்குது

சாலமன் சிப்காட்டில் ஒரு கம்பி கம்பெனியில் மில் ஆபரேட்டர். சொந்தமாகப் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். அதை மெக்கானிக்கிடம் விடுவதில்லை. ஃபோனில் வீடியோ பார்த்துத் தானே செய்வார்.

முதலில் முன் பக்க ஷாக் அப்சர்பர் இரண்டும், கொஞ்சம் கனமான காயில் ஸ்பிரிங்கும் வாங்கிப் போனார். அடுத்து லோயர் ஆர்ம் புஷ். பிறகு கிளட்ச் செட். கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டும். அதையும் வீட்டு வாசலிலேயே, இரண்டு ஜாக்கி வைத்து, இறக்கி ஏற்றிவிட்டார்.

"அக்கா, இப்ப வண்டி சும்மா மெதக்குது. ஓட்டம் வந்துச்சு, நிறுத்தணும் இல்ல? பிரேக்கையும் ஏத்திரலாம்" என்றார்.

அதே காரின் மேல் மாடலில் முன் சக்கர டிஸ்க் பெரிதாக இருக்கும். அந்த டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் இரண்டும் கேட்டார். கேலிப்பர் பெட்டிகளில் வழக்கம்போல டி.எஸ்., சி.எஸ். என்று எழுதிக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"பிரேக்கு பெடல் பூமிக்குப் போவுது கா. மூணு வாட்டி ஏர் எடுத்துட்டேன். இன்னொரு பாட்டில் ஆயில் குடு."

பிரேக் ஆயிலுக்குள் காற்று புகுந்தால் பெடல் பஞ்சு போல அமுங்கும். கேலிப்பரில் உள்ள நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதைத்தான் ஏர் எடுப்பது என்பார்கள்.

ஆயில் கொடுத்தேன். மறுநாளும் வந்தார். இந்த முறை, பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும் என்று அதையும் வாங்கினார். அதைப் போட்டும் பெடல் பூமிக்குத்தான் போனது. எனக்குக் குழப்பம். அவருக்கு என்னைவிடக் குழப்பம். ஒன்றும் பழுதில்லை, எல்லாம் புதுசு, ஆனால் பிரேக் இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தபோது மட்டும் சிரித்துக்கொண்டே வந்தார்.

"வழி கண்டுபுடிச்சிட்டேன் கா. ரெண்டு வாட்டி பட்பட்னு அமுக்கினா பிடிக்குது. பழகிக்கலாம். ஞாயித்துக்கிழமை ஆர்.கே.பேட்டைல தங்கச்சி கொழந்தைக்கு ஞானஸ்நானம். ரூத்தையும் பசங்களையும் கூட்டிக்கினு கார்லயே போறேன்."

முதல் தடவை அமுக்கும்போது முன்னால் ஒரு லாரி நின்றால்? இரண்டாவது தடவைக்கு அது காத்திருக்குமா?

அவர் ஃபோனை நீட்டினார். கேலிப்பருக்குச் சிவப்பு பெயின்ட் அடித்திருந்தார். "சூப்பரா கீதா?"

படத்தில் ஏதோ ஒன்று உறுத்தியது. நிப்பிளின் மேல் ஒரு சின்னக் கறுப்பு ரப்பர் மூடி இருக்கும். அது படத்தில் கேலிப்பரின் அடிப்பக்கம் இருந்தது. ஆயில் வருகிற ஹோஸும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நின்றது. கேட்கலாமா என்று வாயைத் திறந்தேன். கியர்பாக்ஸையே இறக்கி ஏற்றியவரிடம், ஸ்பேனர் பிடிக்காத நான் என்ன கேட்பது? மூடிக்கொண்டேன்.

"நல்லா இருக்குது" என்றேன். அவர் போய்விட்டார்.

3. கல்லு மாதிரி கீது

சனிக்கிழமை காலை, பக்கத்து ஷெட்டில் மெக்கானிக் பாபு ஒரு காருக்கு ஏர் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் டியூப் மாட்டிய நிப்பிள் மேலே இருந்தது. போய்ப் பக்கத்தில் நின்றேன். அவரே நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா மல்லிகாக்கா, அதிசயமா ஷெட்டு பக்கம்?"

"அந்த மூடி... கீழ பார்த்து இருந்தா தப்பா?"

"கீழ எப்டி கா வரும்? சைடு மாத்தி போட்டாத்தான் கீழ வரும். காத்து மேலதான போவும்? நிப்பிள் கீழ இருந்தா ஆயில்தான் வரும், காத்து மேலயே குந்திக்கினு இருக்கும். வருசம் பூரா எடுத்தாலும் வராது."

சைடு மாறிவிட்டது. அப்படியென்றால் நான்தான் பெட்டியை மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

சாலமனின் ஃபோனுக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். ஷிஃப்ட்டில் இருந்தார். ரேக்கில் மீதி இருந்த பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாகவே எழுதியிருந்தது. அவருக்குக் கொடுத்தது மட்டும் எப்படி மாறும்? ஒன்றும் பிடிபடவில்லை. மதியம் முதலாளி சாப்பிடப் போனதும், கடையில் இருந்த இன்னொருவரிடம் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் புதுகும்மிடிப்பூண்டிக்குப் போனேன். சிவப்பு கேலிப்பர் கார் எது என்று கேட்டதும் எல்லோரும் கை காட்டினார்கள்.

கதவைத் திறந்தவர் அவர் மனைவி ரூத். ஸ்பேர்ஸ் கடை என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"இன்னும் இன்னா குடுக்க வந்தீங்க? ஊட்டுல பாதி உங்க கடை ஜாமான்தான்."

நான் யோசித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. "நாளைக்கு அந்தக் காரை எடுக்க வேணாம்" என்று மட்டும் சொன்னேன்.

"அதத்தாங்க்கா நானும் சொல்லிக்கினு கீறேன்! பஸ்ல போலாம்னா கேக்குதா அந்த மனுசன்? உள்ள வாங்க."

கொஞ்ச நேரத்தில் சாலமன் காலை ஷிஃப்ட் முடிந்து வந்தார். நிப்பிள் கீழே இருப்பதையும் பாபு சொன்னதையும் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். "என் தப்பா இருக்கும். பெட்டியை மாத்திக் குடுத்துட்டேன் போல" என்றேன்.

அவர் உள்ளே போய் இரண்டு பெட்டிகளையும் எடுத்து வந்தார். ஒன்றில் பிள்ளைகளின் கலர் பென்சில் இருந்தது. உள்ளே ஒட்டியிருந்த கம்பெனி சீட்டைப் பார்த்தேன். நான் எழுதியது சரி.

"டி.எஸ். எந்தப் பக்கம் போட்டீங்க?"

"கியர்பாக்ஸ் பக்கம். டி.எஸ்.னா டிரைவ் சைடுதான கா?"

"டிரைவ் சைடா?"

"மில்லுல அப்படித்தான். மோட்டாரு, கியர்பாக்ஸ் இருக்கிற பக்கம் டிரைவ் சைடு. போன மாசம் நானே இறக்கினேன், கியர்பாக்ஸ் லெஃப்ட்டுலதான் கீது. அங்க போட்டேன்."

"அப்போ சி.எஸ்.?"

"கன்ட்ரோல் சைடு. ஸ்டீரிங், பெடல் எல்லாம் இருக்கிற பக்கம்."

அவர் சொன்னது அத்தனையும் நியாயமாக இருந்தது. அத்தனையும் தலைகீழாகவும் இருந்தது.

"டி.எஸ்.னா டிரைவர் சைடு. சி.எஸ்.னா கிளீனர் சைடு" என்றேன்.

ரூத் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "காருக்கு ஏதுக்கா கிளீனரு?"

நான் சிரித்துவிட்டேன். அன்று நான் கேட்காமல் விட்ட கேள்வி. லாரிக் கதையைச் சொன்னேன்.

"அப்போ நான்தான் அந்தக் கிளீனரா?" என்றார் ரூத். "அதான் என் பேச்ச கேக்கறதில்ல."

சாலமன் சட்டையைக்கூட மாற்றவில்லை. சக்கரங்களைக் கழற்றி, கேலிப்பர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டார். மூடி மேலே வந்தது. ஹோஸ் முறுக்கு இல்லாமல் தொங்கியது. ரூத்தைப் பெடலில் உட்கார வைத்தார். என் கையில் டியூப் விட்ட பாட்டிலைக் கொடுத்தார். பத்தொன்பது வருடத்தில் காரின் பக்கத்தில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

"அமுக்கு... புடிச்சிக்கோ... வுடு. அமுக்கு..."

சோடா திறந்தது போலக் குமிழி குமிழியாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு சமயத்தில் குமிழி நின்று வெறும் ஆயில் வந்தது. அடுத்த சக்கரத்திலும் அப்படியே.

"ஏய், அமுங்கல!" என்று ரூத் உள்ளேயிருந்து கத்தினார். "கல்லு மாதிரி கீது!"

சாலமன் தெருக்கோடி வரை ஓட்டிப்போய் ஒரே அமுக்கு அமுக்கினார். வண்டி மூக்கைக் குத்தி நின்றது. திரும்பி வந்து இறங்கினார். கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். ரூத்துதான், "நாளைக்கு ஏறலாமா கா?" என்று கேட்டார். அவரிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். பாபுவிடம் ஒரு தடவை காட்டிவிட்டு ஏறச் சொன்னேன். அன்று மாலையே காட்டினார்கள்.

4. சோத்தாங்கை

கடைக்கு மூன்று மணி நேரம் தாமதமாகத் திரும்பினேன். முதலாளி கோபமாக இருந்தார்.

"பார்ட்ட மாத்திக் குடுத்துட்டியா?"

"இல்ல சார். நான் சரியாத்தான் எழுதினேன். அவரும் சரியாத்தான் படிச்சாரு."

"அப்புறம் எப்டி தப்பாச்சு?"

டிரைவ் சைடு கதையைச் சொன்னேன். அவர் "இன்னா பேஜாருடா இது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை முதல் டி.எஸ்., சி.எஸ். எழுதுவதை நிறுத்தினேன். 'ஸ்டீரிங் பக்கம்' என்று தமிழில் முழுதாக எழுத ஆரம்பித்தேன். இனிமேல் யாரும் குழம்ப முடியாது என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி நான்கு நாள். எங்கள் பக்கத்து ஆரணியிலிருந்து ஒரு விவசாயி ஹெட்லைட் வாங்க வந்தார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இது டிராக்டரு. ஸ்டீரிங் நடுவுலல்ல கீது?"

முன்பென்றால் தலையைக் குனிந்திருப்பேன். அன்று மூங்கில் ஸ்டூலை எடுத்துக் கவுன்ட்டர் முன்னால் போட்டேன்.

"இதுதான் டிராக்டர் சீட்டுன்னு நெனச்சி உக்காருங்க. ரோட்டைப் பார்த்து உக்காருங்க. இப்ப எந்தக் கை பக்கம் மாட்டப் போறீங்க, தூக்குங்க."

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, சோறு சாப்பிடும் கையைத் தூக்கினார். பெட்டியில் 'சோத்தாங்கை' என்று எழுதிக் கொடுத்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பெட்டி மேல் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் அதை அவர் எப்படிப் படிக்கிறார் என்று வாய் திறந்து கேட்டுவிட்டு அனுப்புங்கள். கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள். அந்த ஸ்டூல் இன்னும் கவுன்ட்டருக்கு முன்னால்தான் கிடக்கிறது. சாலமன் வந்தால்கூட முதலில் உட்கார்ந்து கையைத் தூக்குகிறார், பிறகுதான் என்ன வேண்டும் என்று சொல்கிறார்.