கூத்து மேடையில் ஒரு கூலி

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, கூத்தின் நடுவே எங்கள் தோட்டத்து ஆட்கள் முப்பது பேரும் ஒன்றாக எழுந்து நின்றபோது, என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

இலங்கை மலைநாட்டில், கினிகத்தேனைக்குக் கிட்ட ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். கடைவீதியில் வளர்ந்தவன் என்பதால் சிங்களம் நன்றாக வரும். தோட்டத்துக்குக் கீழே இருந்த சிங்களக் கிராமத்தாரும் என்னிடம்தான் மருந்துக்கு வருவார்கள். எங்கள் ஆட்கள் மருந்துச்சாலை முன்னே இருந்த விறாந்தையின் ஒரு கோடியில் உட்கார்ந்தால், அவர்கள் மறு கோடியில் உட்காருவார்கள். எங்கள் ஜனங்களுக்கு வாக்குரிமை இல்லாமல் போயிருந்த காலம் அது. 'காணியைப் பிடித்தவர்கள்' என்று கிராமத்தாரும், 'நம்மைத் துரத்தப் பார்ப்பவர்கள்' என்று எங்கள் ஆட்களும் முணுமுணுப்பார்கள்.

எங்கள் பக்கம் காமன் கூத்து வாத்தியார் சின்னையா. அவர்கள் பக்கம், அறுவடை முடிந்ததும் களத்தில் கூத்துப் போடும் புஞ்சி பண்டா. இரண்டு பேரும் என்னிடம் மருந்து வாங்குகிறவர்கள். ஒருவர் கூத்தை மற்றவர் பார்க்கட்டுமே என்று கேட்டேன், சம்மதித்தார்கள். தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்குத்தான் பிடிக்கவில்லை.

"அடிதடி ஏதாச்சும் ஆச்சுன்னா ஒங்களுக்குப் பத்துச்சீட்டுதான், பாத்துக்கங்க" என்றார். பத்துச்சீட்டு என்றால் வேலையை விட்டு விலக்கும் சீட்டு.

முதல் கூத்து அவர்களுடைய களத்தில். வெள்ளைக்காரன் சங்கிலி பிடித்து மலையை அளக்கிறான், கிராமத்தார் காடு பறிபோகிறது. சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் கரி பூசிய தமிழ்க் கூலி ஒருவன் உளறுகிறான். புஞ்சி பண்டாதான் அந்த வேஷம். கிராமத்தார் சிரித்தார்கள்.

சின்னையா எழுந்தார். "வாங்க மருந்தையா, போவோம். இவங்க காட்ட நாங்களா புடுங்கினோம்?"

எல்லோரும் எழுந்தார்கள். கொழுந்து பறிக்கும் மாரியாயி மட்டும் ரோட்டுக்குப் போகாமல் களத்துக்குள் போய் நின்றார். "நான் ஒரு பாட்டுப் பாடுறேன். ஐயா, வரிக்கு வரி அவங்களுக்குச் சொல்லுங்க. ஒண்ணையும் விட்றாதீங்க."

அது அவருடைய வீட்டு ஒப்பாரி. கப்பலை விட்டு இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்த கூட்டத்தில், பேதி கண்ட ஒரு தாயைப் பாதையோரம் கிடத்தி, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்துவிட்டு நடந்த கதை. காய்ச்சலையும் வயிற்று வலியையும் தினமும் மொழிபெயர்த்த எனக்கு ஒவ்வொரு வரிக்கும் வார்த்தை தேட வேண்டியிருந்தது.

பாட்டு முடிந்ததும் புஞ்சி பண்டா சிங்களத்தில் கேட்டார்: "அந்தக் குடத்த வச்சிட்டுப் போனது யாரு?"

"எங்கப்பா, தன்னப் பெத்த ஆத்தாவுக்கு. நின்னா கங்காணி அடிப்பான்" என்றார் மாரியாயி.

புஞ்சி பண்டா தோள் துண்டால் முகத்துக் கரியைத் துடைத்தார். சின்னையாவிடம் போய், "அப்ப அந்தக் கூலி என்ன பேசியிருப்பான்? நீங்களே சொல்லிக் குடுங்க" என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் சின்னையா கீழே உட்கார்ந்தார். எங்கள் ஆட்களும் உட்கார்ந்தார்கள்.

அடுத்த மாதம், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் எங்கள் பெரட்டுக் களத்தில் இரண்டு கூட்டமும் சேர்ந்தே ஆடின. காட்டைப் பறிகொடுத்தவர் புஞ்சி பண்டா, சங்கிலி பிடித்தவர் சின்னையா. வெள்ளைக்காரன் வேஷத்துக்கு ஒருவரும் வராததால் நான்தான் தொப்பி போட்டேன். பார்க்க வந்த எங்கள் வெள்ளைக்காரத் துரை பாதியில் எழுந்து போய்விட்டார். பத்துச்சீட்டு வரவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது.

சட்டம் மாறவில்லை, சச்சரவுகளும் ஒரேயடியாக நிற்கவில்லை. ஆனால் விறாந்தையில் மாரியாயிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பெண் வெற்றிலைப் பையோடு வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

தோட்டங்களில் வேலைக்கு வரும் இளையவர்களுக்கு இதைச் சொல்கிறேன். இரண்டு மொழி தெரிந்தும் நான் அதுவரை நோய்களின் பெயர்களைத்தான் அங்குமிங்கும் கொண்டு போயிருந்தேன். கொண்டு போக வேண்டியது இன்னும் எவ்வளவோ இருந்தது. அதைக் காட்டிய அந்த மூவருக்கும் என்றும் கடமைப்பட்டவன்.