அவர் பார்க்காத படம்

எங்கள் எஸ்டேட்டில் ஒரு படம் தேறுமா தேறாதா என்பது திங்கட்கிழமை காலையில் தேயிலைக் காட்டில்தான் முடிவாகும். ஞாயிற்றுக்கிழமை டவுன் தியேட்டரில் மேட்னி பார்த்தவர்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டே கதை சொல்ல வேண்டும். பார்க்காதவர்கள் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பார்கள். கங்காணி சத்தம் போடுவார், ஆனால் கதை சூடு பிடித்துவிட்டால் அவரும் எங்கள் நிரையை விட்டு நகரமாட்டார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பள்ளிவாசல் என்ற ஊருக்குப் பக்கத்து மலை. அப்பாவுக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை, அம்மாவும் அக்காவும் நானும் காட்டில். படங்களைப் பற்றிய கடைசித் தீர்ப்பு அக்காவுடையது. அவள் 'கொள்ளாம்' என்று மலையாளத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் பாதி அந்தப் படத்துக்குக் கிளம்பிவிடும். மூக்கைச் சுளித்தால் தியேட்டர்காரன் பாடு திண்டாட்டம்தான்.

எனக்குப் பழைய படங்கள் என்றால் பொறுமை கிடையாது. சாகப்போகிறவன் முழுப் பாட்டையும் பாடி முடிக்காமல் சாகமாட்டான். டாக்டர் வாசலிலேயே கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். புதுப்படங்களைச் சொல்லலாம் என்றால், மதுரையில் ஓடி, போடியில் ஓடி, மலையேறி எங்களிடம் வரும்போது அவையும் கிழவியாகிவிடும். திரை முழுக்கக் கோடு மழை பெய்யும், சண்டையில் அடி மட்டும் விழும், அடித்தவன் வெட்டுப்பட்டுப் போயிருப்பான். அக்கா இந்தக் குறையெல்லாம் பார்க்கமாட்டாள். "அந்தப் பொம்பள அந்த நேரத்துல அப்படிச் செய்வாளா? செய்வான்னா நல்ல படம்" என்பாள். முதுகில் கூடையோடு காமெடியன் மாதிரி நடந்து காட்டுவாள். அவள் சிரித்தால் பக்கத்துச் சரிவில் இருப்பவர்கள் என்னவென்று கேட்டுக் குரல் கொடுப்பார்கள்.

அந்தப் பனிக்காலத்தில்தான் குமுளியிலிருந்து அத்தான் வர ஆரம்பித்தார். அப்பாவின் தங்கை மகன். ஏலக்காய்க் கடையில் வேலை. அக்கா பிறந்தபோதே அவருக்கென்று பேசி வைத்திருந்தார்கள். குடி கிடையாது, பீடி கிடையாது, குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கி, மறுநாள் எங்கள் எல்லோரையும் படத்துக்குக் கூட்டிப்போவார். அம்மா அவருக்குத் திருஷ்டி சுற்றிப் போடாத குறைதான்.

முதலில் பார்த்தது பழைய படம். எஸ்டேட் மைதானத்தில் துணி கட்டிப் போட்டார்கள். பெண்டாட்டி மேல் சந்தேகப்பட்டு அவளை ஓர் அறையில் பூட்டி வைக்கிறான் ஒருவன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடுகிறாள். கடைசியில் உண்மை தெரிந்து அவன் கதவைத் திறக்க, அவள் அவன் காலிலேயே விழுகிறாள். எனக்கு எரிச்சலில் தலை வலித்தது. சுற்றிலும் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். அத்தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா, எம்புட்டு எளகின மனசு" என்று அம்மா என் இடுப்பில் இடித்தாள்.

மறுநாள் காலை கட்டன்சாயா குடிக்கும்போது அக்கா அவரிடம் கேட்டாள், "எந்த எடத்துல அழுதீக?"

"அவன் சாவிய இடுப்புல செருகிட்டுத் தனியா ஒக்காந்திருப்பான்ல, அங்கதான். பாவம் அந்த ஆளு. ஒரு மனுசன் எம்புட்டுதான் தாங்குவான்?"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது கலர்ப்படம். கதாநாயகி பட்டணத்தில் ஆபீஸ் வேலைக்குப் போகிறாள், கூட வேலை பார்ப்பவனோடு சிரித்துப் பேசுகிறாள், அவ்வளவுதான் கதை. எனக்குப் பிடித்திருந்தது. அவள் கட்டியிருந்த சேலைகளுக்காகவே இன்னொரு தரம் பார்ப்பேன். திரும்பி நடக்கும்போது அத்தான் அக்காவிடம், "அவ பல்லு தெரியச் சிரிக்கால்ல, நீயும் அப்படித்தான் சிரிக்க. கல்யாணத்துக்குப் பொறகு வேண்டாம், என்ன?" என்றார். குழந்தையிடம் சொல்வது போலத்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

மூன்றாவது ஒரு மலையாளப் படம், அப்போதுதான் வந்தது. புருஷனோடு ஒத்துப்போகாத ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறாள். பஸ் போய்க்கொண்டே இருக்கிறது, அதற்குள் தியேட்டரில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். காசைத் திருப்பிக் கொடு என்று அப்பா இல்லாத ஆளைத் திட்டிக்கொண்டு வந்தார். அவருக்குக் கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று கும்பிட வேண்டும். பவர்ஹவுஸுக்குத் தண்ணீர்க் குழாய்கள் இறங்குகிற வளைவில் மூடுபனி ரோட்டை மறைத்துக்கொண்டிருந்தது. அங்கே வந்ததும் அத்தான் நின்றார்.

"படம் எடுத்தவனுக்கு முடிக்கத் தெரியல" என்றார். "அடுத்த பஸ்ஸுல அவன் போயிருப்பான். அவ எந்த ஊருல போய் எறங்குனாலும் போயிருப்பான்."

அக்கா என் கையைப் பிடித்தாள். எனக்குப் பயமாக இருந்தது. எதற்குப் பயம் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அந்த வாரமே அவள் அம்மாவிடம் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாள். ஏன் என்று அம்மா கேட்டாள். அக்கா மூன்று படங்களையும் அவர் சொன்னதையும் வரிசையாகச் சொன்னாள். அம்மா முதலில் திகைத்தாள், பிறகு சிரித்தாள். அப்பாவிடம் சொன்னாள், அப்பாவும் சிரித்தார். சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, "என்னட்டி, சினிமாக்காரன் செஞ்ச தப்புக்கு நம்ம மாப்பிள்ளைக்குத் தண்டனையா?" என்று கேட்டாள். நான் அவளுடைய குடத்தை எட்டி உதைத்துவிட்டு வந்தேன்.

அப்பாவிடமும் சண்டை போட்டேன். "கொட்டகையில ஆயிரம் பேசுவாங்க. அதையெல்லாம் முடிஞ்சுக்கிட்டு வரலாமா? அவன் என் கூடப்பொறந்தவ மகன்" என்றார்.

அக்கா அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். "குடிச்சா குடிக்கான்னு சொல்லலாம், அடிச்சா அடிக்கான்னு சொல்லலாம். இத என்னன்னு சொல்லுறது?" என்றாள். வைகாசியில் கல்யாணம் நடந்தது.

ஆடிக்கு அப்பா போய் அக்காவை அழைத்து வந்தார். உடம்பில் ஒரு காயம் இல்லை. நான் ஒளிந்து நின்றுகூடப் பார்த்தேன். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், நல்ல சேலை கட்டியிருந்தாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மழை ஒரு நாள் வெறித்தபோது எல்லோரும் அவளை டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனோம். வழக்கமான அண்ணன் தம்பிக் கதைதான். அண்ணன் சொத்தை எழுதிக் கொடுப்பான், தம்பி அழுவான், இரண்டு பேரும் சேர்ந்து பாடுவார்கள். நான் அரைமணியில் தூங்கிப்போனேன்.

அன்று சாயங்காலம் காட்டுப் பெண்கள் எங்கள் வீட்டில் கூடிவிட்டார்கள். "நீ இல்லாம கதை சொல்ல ஆளில்ல, சொல்லு, படம் எப்படி?" என்று அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அக்கா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"தெரியலையே" என்றாள். "அவுக இன்னும் பாக்கலையே."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். புருஷன் மேல் அப்படி ஓர் ஆசையா என்று கேலி செய்தார்கள். அக்கா அவர்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை. வாய்மேல் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். அன்று அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அந்த ஆடி முழுக்க அவர் அக்காவிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தார். குழம்பில் உப்பு சரியா, இந்தச் சட்டை எப்படி என்று சின்னச்சின்னதாக. எதற்கும் அவளிடம் பதில் இல்லை.

ஆடி முடிந்து அத்தான் வந்தார். கொட்டுகிற மழையில் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றார். அக்காவின் பை தயாராக இருந்தது.

அப்பா அவரை உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. "மாப்ள, நான் இவள அனுப்பல" என்றார். "தப்பு என்னோடதுதான். அவ இங்கனயே இருக்கட்டும்."

அத்தானுக்குக் கோபம் வரவில்லை. "நான் என்ன மாமா சொல்லப்போறேன்? அவளையே கேளுங்க" என்றார்.

அப்பா அக்காவின் முன்னால் போய் நின்றார். "போகாத ஆத்தா. ஒன்ன யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது, நான் இருக்கேன். இருந்துக்கிடுதேன்னு ஒரு வார்த்த சொல்லு."

அக்கா வாயைத் திறந்தாள். அவள் சொல்லப்போகிறாள் என்றே நான் நினைத்தேன். அப்பாவும் நினைத்தார். திறந்த வாயோடு அவள் அப்பாவின் தோளுக்கு மேலாகப் பார்த்து, அத்தானின் முகம் என்ன சொல்கிறது என்று தேடினாள்.