சவரிமுத்துவின் கம்பிப் புதிர்

போன ஞாயிற்றுக்கிழமை மருமகன் தேனியிலிருந்து ஒரு இரும்புப் புதிர் வாங்கி வந்தார். ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட இரண்டு வளையங்கள்; பிரிக்க வேண்டும். பெட்டியில் ‘பெரியவர்களுக்கு’ என்று போட்டிருந்தது. நானும் பெரியவன்தானே என்று காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை மல்லுக்கட்டினேன். அவர் மோர் குடித்துக்கொண்டே வாங்கி, நாலே திருகில் கழற்றி வைத்துவிட்டார். “விடுங்க மாமா, எல்லாருக்கும் வராது” என்றார். இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்.

உள்ளங்கையில் ஒட்டிய இரும்பு வாசனை என்னை மலையடிவாரத்து லோயர் கேம்ப்புக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே ஒரு ஜீப் ஒர்க்‌ஷாப்பில் எட்டு வருஷம் மெக்கானிக்காக இருந்தேன். குமுளி மலையேறும் ஜீப்பெல்லாம் எங்களிடம்தான் வந்து படுக்கும். வெல்டர் சவரிமுத்து என்னைவிட நாலு வயது இளையவன். திங்கட்கிழமைதோறும் வெல்டிங் கம்பியை வளைத்து இதே மாதிரி ஒரு புதிர் செய்து வாசல் ஆணியில் மாட்டுவான். வண்டி ரெடியாகும்வரை டிரைவர்கள் அதைக் குடைவார்கள். கையால் மட்டும்தான் பிரிக்கலாம், டூல்ஸ் தொடக்கூடாது. பிரித்துக் கொண்டுவந்து காட்டுகிறவர் பெயரை முதலாளி கரும்பலகையில் எழுதுவார். அடுத்த ஆள் ஜெயிக்கும்வரை அது இருக்கும்.

மலையாளத்து டிரைவர்கள் பெயர் வந்தது. டீ கொண்டுவருகிறவர் பெயர்கூட வந்தது. ஒருவரும் பிரிக்காத வாரம் சவரிமுத்து பெயர். என் பெயர் மட்டும் வரவே இல்லை. கிளட்ச் பிளேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறவன் நான். அந்த ஒரு முழக் கம்பி எனக்குப் பிடிகொடுக்கவில்லை. “சவரிக்கு என்னா மூளடா!” என்று யாராவது சொன்னால், அவன் வெல்டிங்கில் ஒரு ஓட்டையாவது விழாதா என்று தேடுவேன். அவ்வளவு நல்ல மனசு எனக்கு.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் சாப்பிடப் போன நேரம், பிளையரை எடுத்தேன். வளையத்தின் வாயைக் கொஞ்சம் நெம்பி, உருவி, திரும்ப நெருக்கி வைத்தேன். முதலாளி வந்ததும் இரண்டு கையிலும் ஒவ்வொன்றாய் நீட்டினேன். “அடேங்கப்பா!” என்றார். சவரிமுத்து வாங்கிப் பார்த்தான். அந்தக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு உண்டு. பிளையர் பல் பட்ட இடத்தில் பூச்சு போய் வெள்ளையாகத் தெரிந்தது. அங்கேதான் அவன் கட்டைவிரல் நின்றது.

“மொதலாளி, அண்ணன் கையாலயே அவுத்துட்டாக. பேர எழுதுங்க” என்றான்.

எழுதினார். அவன் என்னை நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அந்தப் பெருந்தன்மையும் அவனுக்குத்தானா வாய்க்க வேண்டும் என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

திங்கட்கிழமை ஆணி காலியாக இருந்தது. டிரைவர்கள் கேட்டதற்கு, “வேல கெடக்குண்ணே” என்றான். அதற்கப்புறம் அவன் புதிரே செய்யவில்லை. ஜெயிக்க அடுத்த ஆள் இல்லாததால் என் பெயரை அழிக்கவும் யாருமில்லை. நானே ஒருமுறை துணியை எடுத்தேன். “ஏப்பா, அங்கன இருந்துட்டுப் போகட்டும், ஒனக்குக் கௌரவம்ல” என்று முதலாளி தடுத்துவிட்டார். தினமும் அந்தப் பலகைக்குக் கீழேதான் நானும் சவரிமுத்துவும் சாப்பிட உட்கார்ந்தோம்.

இப்போது அந்த ஒர்க்‌ஷாப் இல்லை; அந்த இடத்தில் டூரிஸ்ட் வேன்கள் நிற்கின்றன. சவரிமுத்து போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. கரும்பலகையை எந்தப் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏற்றினார்களோ தெரியவில்லை. ஏற்றும்போதும் அதில் என் பெயர்தான் இருந்திருக்கும்.